கேட்காமல் சொன்ன சம்மதம்

அன்புள்ள பவித்ரா பாப்பாவுக்கு, உன் சித்தப்பன் எழுதுவது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று மூன்று நாளாக லீவு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சித்தியிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன், நீ காட்டிக்கொடுத்துவிடாதே. இதை உன் கையில் மட்டும் கொடுக்காமல் எங்கள் கம்பெனி ஆண்டு மலரிலும் போடச் சொல்லியிருக்கிறேன். நான் பொய் சொன்னது ஊர் நடுவில். உண்மையை மட்டும் உன் காதோடு சொன்னால் கணக்கு நேராகாது. அதனால் ஜூஜுவாடியிலிருந்து வேப்பனப்பள்ளி வரைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தெரியும், மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நாகரசம்பட்டிப் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்பில் தோற்றுப்போய் ஓசூருக்கு வந்தவன் நான். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் பெருக்குகிற வேலையில் சேர்ந்து, அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு வந்து சேர்ந்தேன். இந்தக் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்தால் தலைமுடியைப் பத்தாகக் கிழித்து, அதில் ஒன்று தடிமனாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தத் தொழிற்பேட்டையில் என்னைவிட நன்றாக அளக்கிறவன் இல்லை என்று எங்கள் முதலாளியே ஒரு தடவை சொன்னார். சொன்னது முதலாளி இல்லை, அவருடைய டிரைவர். ஆனால் காரில் முதலாளியும் இருந்தார்.

உன் அப்பா, என் அண்ணன், மஞ்சள் காமாலையில் போனபோது உனக்கு நாலு வயது. அண்ணியையும் உன்னையும் கூட்டிக்கொண்டு ஓசூர் ஓரத்தில் இருக்கிற இந்த ஜூஜுவாடி வீட்டுக்கு வந்தேன். அண்ணி துணி தைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் எல்லாரும் 'நீ அந்தப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாய்' என்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. இன்று மறுக்கிறேன். நான் சொல்கிற கதையை எல்லாம் கண்ணை விரித்துக் கேட்க ஒரு ஆள் கிடைத்தது. ஷிஃப்ட் முடிந்து வந்தால், "சித்தப்பா, இன்னிக்கு என்ன அளந்தீங்க?" என்று கேட்க ஒரு குரல் கிடைத்தது. இருபது வருடம் ஒரு மனிதனை யாராவது அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் அவன் ஏதாவது ஒரு நாளில் உருப்படியாக அளக்கத்தான் செய்வான். அதற்கு முதல் நன்றி.

நீ பதினொன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் கம்பெனியில் ஒரு சோதனை வைத்தார்கள். பொருளைச் சோதிக்கிற சோதனை அல்ல, அளக்கிறவனைச் சோதிப்பது. பத்து இரும்புத் தண்டு, மூன்று ஆள். ஒவ்வொருவனும் பத்தையும் மூன்று சுற்று அளக்க வேண்டும். தண்டின் எண்ணை அடியில் எழுதி மறைத்துவைத்து, சுற்றுக்குச் சுற்று வரிசையைக் கலைத்துவிடுவார்கள். முன்னால் அளந்த அளவைப் பார்க்கவும் கூடாது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒருவனுக்கு எவ்வளவு ஆடுகிறது என்று கண்டுபிடிக்கிற ஏற்பாடு. நான் என்ன செய்தேன்? முதல் சுற்றிலேயே தண்டுகளின் முகத்தைப் படித்துவிட்டேன். ஒன்றில் கீறல், ஒன்றில் முனை கருப்பு, ஒன்றில் பிசிறு. பத்துக்கும் அளவை மனதில் ஏற்றிவிட்டேன். அடுத்த இரண்டு சுற்றிலும் மைக்ரோமீட்டரைச் சும்மா வைத்து எடுத்தேன். திருகக்கூட இல்லை. மனதில் இருந்ததை எழுதினேன். மூன்று கட்டமும் அச்சு அடித்த மாதிரி ஒரே அளவு.

தர மேலாளர் மைசூர்க்காரர். தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

"ஏனப்பா இது? மெஷினுக்கே ஸ்வல்பம் ஆடும். உன் கை ஆடவே இல்லையா?"

"நம்ம கை அப்படி சார்."

"உன் கை அப்படி இல்ல. உன் பேனா அப்படி."

பக்கத்தில் நின்றுகொண்டு மறுபடி அளக்க வைத்தார். அளவு ஆடியது, கொஞ்சம்தான். மூன்று பேரில் என்னுடையதுதான் மிகக் குறைவாக ஆடியது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒழுங்கா அளந்திருந்தாலே நீதான்யா முதல். எதுக்கு இந்த வேலை?" மெமோ கொடுத்துவிட்டார். அந்த மெமோவைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, என் கை ஆடவே இல்லை என்று மேலாளர் அசந்துபோனதாகச் சொன்னேன். சித்தி கேசரி கிளறினாள். நீ மட்டும் நான் பெருமைக்குக் கொண்டுவந்த அளவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சித்தி அடுப்பங்கரைக்குப் போகிற வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டாய்: "சித்தப்பா, ரெண்டாவது தடவை நீங்க அளக்கவே இல்லல்ல?" நான் கேசரியை வாயில் போட்டுக்கொண்டேன். நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அன்றைக்கு உன்னுடைய இயற்பியல் தொடங்கிவிட்டது. மலரில் படிக்கிறவர்களே, என் அண்ணன் மகள் பெங்களூரில் எம்.எஸ்ஸி. முடித்து ஜெர்மனிக்குப் போய் ஆராய்ச்சி செய்யப் போவதே அளத்தல் என்றால் என்ன என்பதைத்தான். அணுவுக்குள் போய் அளந்தால் என்ன ஆகிறது என்று. அந்த விதை என் மெமோவில் விழுந்தது என்று நான் சொல்வேன். அவள் இல்லை என்பாள். நீங்கள் என்னை நம்புங்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் நீ காட்டினாயே அந்த மூன்று கண்ணாடித் தாள், அதை நான் இன்னும் மறக்கவில்லை. கருப்புக் கண்ணாடிக்குப் போடுகிற மாதிரித் தாள். சித்தி வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீ ஒரு தாளைப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னாய். வெளிச்சம் கொஞ்சம் மங்கித் தெரிந்தது. அதன் முன்னால் இன்னொரு தாளை வைத்துத் திருப்பினாய். திருப்பத் திருப்ப இருட்டிக்கொண்டே வந்து, குறுக்காக நின்றதும் முழுக் கருப்பு.

"வெளிச்சம் ஆடிக்கிட்டே வருது. முதல் தாள் நிக்கிற வாக்குல ஆடற வெளிச்சத்தை மட்டும் விடும் சித்தப்பா. ரெண்டாவது படுக்கிற வெளிச்சத்தை மட்டும் விடும். ரெண்டும் சேந்தா ஒண்ணும் வராது."

"இதுல என்ன இருக்குது? ரெண்டு இன்ஸ்பெக்டர். முதல் ஆள் நீளத்துல தள்ளுறான், ரெண்டாவது ஆள் அகலத்துல தள்ளுறான். எல்லாம் ரிஜெக்ட்டு."

"சரி. இப்போ நடுவுல மூணாவது இன்ஸ்பெக்டரை நிறுத்தறன். கூடுதலா ஒரு ஆள். என்ன ஆகும்?"

"என்னா ஆகும், இன்னும் ரிஜெக்ட்டு ஆகும். ரிஜெக்ட்டு ஆகறதுக்கே அங்க ஒண்ணும் மிச்சமில்ல."

மூன்றாவது தாளைச் சாய்வாக நடுவில் செருகினாய். வெளிச்சம் வந்துவிட்டது, பாப்பா. இரண்டு தாள் சேர்ந்து அடைத்து வைத்திருந்த இருட்டு, மூன்றாவதாக ஒரு தடுப்பைப் போட்டதும் திறந்துகொண்டது. நான் அந்தத் தாளை எடுத்தேன், இருட்டு. செருகினேன், வெளிச்சம். பத்துத் தடவை செய்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்தேன். கம்பெனியில் இத்தனை வருடம் ஆள் மேல் ஆள் போட்டுச் சோதித்திருக்கிறேன். தள்ளிப்போட்ட சரக்கு இன்னொரு இன்ஸ்பெக்டர் வந்ததால் பாஸாகி வெளியே போன கதையைக் கேட்டதில்லை, அவனுக்குக் கையூட்டு கொடுத்தாலொழிய.

"நடு ஆள் அராவி விட்டுட்டான்," என்றேன். "வந்த சரக்கை அவன் அளக்கும்போதே தேச்சு மாத்திப்புட்டான்."

நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய். உனக்குச் சரியாகத் தோன்றாததைக் கேட்டால் நீ அப்படித்தான் செய்வாய். "பாதி சரி சித்தப்பா. அளக்கறது தொட்டு மாத்துதுங்கறது வரைக்கும் எல்லாருக்கும் புரியும். உங்க மைக்ரோமீட்டரை ரப்பர்ல வச்சு முறுக்கினா ரப்பர் அமுங்கும், அளவு குறையும். ஆனா ரப்பருக்கு முன்னாடியே ஒரு அளவு இருந்துச்சு, நீங்க அமுக்கிக் கெடுத்துட்டீங்க. இங்க அப்படி இல்ல. சாய்வா இருக்கியான்னு கேக்கறதுக்கு முன்னாடி அந்த வெளிச்சத்துக்கிட்ட அதுக்குப் பதிலே இல்ல."

"மறைச்சு வச்சிருக்கும்."

"அப்படித்தான் பெரிய பெரிய ஆளுங்களும் சொன்னாங்க. வெளிச்சத்தை ஒவ்வொரு துணுக்கா அனுப்பிப் பாத்தாங்க. துணுக்கு பாதியாப் போகாது. முழுசாப் போகும், இல்ல முழுசா நிக்கும். எது போகும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. நூத்துக்கு எத்தனை போகும்னு மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு துணுக்கும் பையில பதிலை எழுதி எடுத்துக்கிட்டு வருதோன்னு சோதிக்க, ஜோடியாப் பொறந்த துணுக்குங்களை தூர தூரமாப் பிரிச்சு அனுப்பி ரெண்டையும் கேட்டாங்க. பையில பதில் இருந்தா, ரெண்டு பேர் பதிலும் ஒத்துப்போறது ஒரு அளவைத் தாண்டக் கூடாது. தாண்டுது சித்தப்பா."

"அப்போ ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ரகசியம் பேசுது."

"அப்படிச் சொல்ற கட்சியும் இருக்குது. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் அந்த நொடியே பேசிக்கணும், அதுதான் அதுல சிக்கல். கேட்டதுனாலதான் பதில் பொறக்குதுன்னு ஒரு கட்சி. எல்லாப் பதிலும் வருது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உலகத்துலன்னு ஒரு கட்சி. கருவியில முள்ளு ஓடி நின்னதும் அளந்தது முடிஞ்சுதா, இல்ல ஒரு ஆள் பாத்தாதான் முடிஞ்சுதான்னு இன்னும் சண்டை போடறாங்க."

"முள்ளு நின்னா முடிஞ்சுது," என்றேன். "நான் டீ குடிக்கப் போனாலும் முள்ளு நின்ன இடத்துலதான் நிக்கும்." நீ சிரித்துவிட்டு, "உங்க கட்சியில நெறைய பேர் இருக்காங்க," என்றாய். சித்தி வற்றலைத் திருப்பிக்கொண்டே, "ஏங்க, அந்தப் பிள்ளையை இதுக்கா பெங்களூருக்கு அனுப்பினோம்? வெளிச்சம் வருதா வரலையான்னு பாக்கறதுக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பாதி புரிந்தது. டீக்கடையில் போய் முழுவதையும் விளக்கினேன்.

இப்போது உன்னிடம் தனியாகச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை பக்கம் சுற்றிவந்த இடத்துக்கு வருகிறேன். சித்திரையில் வேப்பனப்பள்ளியில் சித்தியின் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்த ஊரில் பெரிய மாந்தோப்பு வைத்திருக்கிறவர். அவர் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இஞ்சினியர், தங்கமான பையன் என்று ஊரே சொன்னது. உனக்கு ஜெர்மனியிலிருந்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. போகலாமா வேண்டாமா என்று நீ பெங்களூர் விடுதியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாய். அண்ணிக்கு உன்னை அவ்வளவு தூரம் அனுப்பப் பயம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பந்தியில் உன் புகழைப் பாடிக்கொண்டிருந்தேன். உலகத்தில் இந்தப் படிப்பு படிக்கிறவர்கள் ஆறே பேர் என்று சொன்னதாக ஞாபகம். அவர் கேட்டார்:

"தம்பி, நம்ம பையனுக்குப் பாக்கலாமா? பொண்ணு என்னா சொல்லுது?"

கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றிலும் இருபது பேர் இலையிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்கள். கேட்க வேண்டும் என்று சொன்னால், வீட்டில் இவன் பேச்சு எடுபடாது போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரு கூச்சம். அது மட்டுமில்லை, பாப்பா. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் எதற்கு? வேப்பனப்பள்ளி என்றால் ஒரு பஸ்ஸில் போய் உன்னைப் பார்த்துவிட்டு வரலாம். ஜெர்மனிக்கு எந்த பஸ் போகிறது? அந்த ஆசை வாயைத் திறந்துவிட்டது.

"பொண்ணுக்கு முழுச் சம்மதம்ணே. மாப்பிள்ளை போட்டோவைப் பாத்துச்சு, சிரிச்சுக்கிட்டே உள்ள ஓடிடுச்சு."

போட்டோ என் கண்ணிலேயே படவில்லை. ஆனாலும் சொன்னதும் நீ சிரித்துக்கொண்டு உள்ளே ஓடியது எனக்கு நிஜமாகவே தெரிந்தது. என் வாயில் வந்துவிட்டால் எனக்கு அது நடந்ததுதான். அவர்கள் மகிழ்ந்துபோய், வருகிற ஞாயிற்றுக்கிழமையே பூ வைத்துவிடலாம் என்றார்கள். நான் சரி என்றேன். அந்த வாரம் முழுக்கத் தினமும் உனக்குப் போன் செய்தேன். வானிலை பேசினேன், சாப்பாடு பேசினேன், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வீட்டுக்கு வா என்றேன். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அண்ணியிடமும் சித்தியிடமும் உனக்குச் சம்மதம் என்றே சொன்னேன், போனில் பேசினால் பிள்ளை வெட்கப்படும், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று அவர்கள் வாயையும் கட்டிவிட்டேன். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். அதற்கு அப்புறம் எப்படி நான் பின்வாங்க?

நீ தோள்பையோடு வந்து நின்றபோது கூடத்தில் வாடகை நாற்காலி, தட்டில் மல்லிகை, எட்டுப் பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ நேராக அடுப்பங்கரைக்கு வந்தாய்.

"சித்தப்பா, யாரு இவங்க?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சிரித்துக்கொண்டு ஓடியதையும் சேர்த்து. சித்தி கரண்டியைக் கீழே போட்டாள். "அட பாவி மனுசா, அப்போ நீ கேக்கவே இல்லையா?" அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். நீ கத்துவாய் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்த்த பார்வை, கேசரி சாப்பிட்ட அன்று பார்த்த அதே பார்வை. முகத்தைக் கழுவினாய். பின்வாசல் திறந்துதான் இருந்தது. நீ கூடத்துக்குப் போய் அந்தப் பையனுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாய்.

"என்னை யாரும் இன்னும் கேக்கலைங்க. நீங்க கேளுங்க," என்றாய்.

அந்தப் பையன் நல்ல பையன்தான், அது ஒன்று நான் பந்தியில் சொன்னதில் நிஜம். அவன் தன் அப்பாவைப் பார்த்தான், அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தான். "உங்களுக்கு என்னைக் கல்யாணம் பண்ணிக்க இஷ்டமான்னு கேக்கலாம்னு வந்தன். இப்போ அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேக்கணும்னு தோணுதுங்க. நீங்க என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் அளக்கிற முள்ளையே பார்த்துப் பழகியவன், முள் எந்தப் பக்கம் போகப் போகிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. உனக்கும் தெரியவில்லை என்று அப்போது உறைத்தது. அப்புறம் நீ சொன்னாய்: "நான் போறனுங்க. படிக்கப் போறன். காத்திருங்கன்னு சொல்ல மாட்டன், அது நியாயமில்ல."

மாந்தோப்புக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாம்மா இது? உங்க சித்தப்பன் நீ சிரிச்சுக்கிட்டு ஓடினதா சொன்னானே, இருபது பேர் சாட்சி. அன்னிக்கி சரின்னுட்டு இன்னிக்கி மாத்தறியா?"

பழி உன் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், சொன்ன சொல் மாறிய பெண் என்று வேப்பனப்பள்ளி முழுக்க உன் பேர் ஓடியிருக்கும். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் எழுந்து நின்றேன். என் வாழ்க்கையில் ஜோடனை இல்லாமல் பேசிய வாக்கியம் என்று எண்ணிப் பார்த்தால் அது ஒன்றுதான் தேறும்.

"அது மாத்தலண்ணே. அதைக் கேக்கவே இல்ல. நானா சொன்னன்."

அவர் என்னென்னவோ திட்டினார், பாதி தெலுங்கில், அதனால் பாதி வலித்தது. போகிற போக்கில் அந்தப் பையன் என்னிடம், "மாமா, அந்த போட்டோ நாங்க இன்னும் யாருக்கும் தரவே இல்லையே," என்று சிரித்துவிட்டுப் போனான். எனக்குச் சாகலாம் போல இருந்தது. இப்போது நினைத்தால் நானும் சிரிக்கிறேன்.

அவர்கள் போன பிறகு நீ மல்லிகைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் போய் நின்று என்ன சொன்னேன் தெரியுமா? அப்போதும் கோணலாகத்தான் சொன்னேன். "உனக்குள்ள மாட்டேன்னு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு பாப்பா. தப்பாச் சொல்லிப்புட்டன்." நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய்.

"எனக்குள்ள மாட்டேனும் இல்ல, சரியும் இல்ல சித்தப்பா. அவர் கேக்கறவரைக்கும் எங்கிட்ட பதிலே இல்ல. இஷ்டமான்னு மட்டும் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பன்னு இப்பக்கூட எனக்குத் தெரியல. ஒருவேளை சரின்னுகூட வந்திருக்கும். நீங்க சொன்னது தப்பான அளவு இல்ல. அது அளவே இல்ல."

"சரின்னு வந்திருந்தா?"

"அப்பவும் நீங்க சொன்னது அளவே இல்ல."

பாப்பா, மொட்டைமாடியில் பாதி புரிந்த எனக்கு மீதி அங்கே புரிந்தது. இத்தனை நாள் மனிதர்களை நான் இரும்புத் தண்டு என்று நினைத்திருந்தேன். பதில் உள்ளே இருக்கிறது, எனக்குத் தெரிந்தவர்களென்றால் அளக்காமலே எழுதிவிடலாம் என்று. என் அண்ணன் மகள், நான் தூக்கி வளர்த்த பிள்ளை, இவள் முகத்தின் கீறலும் பிசிறும் எனக்கு மனப்பாடம், இவளுக்கு எதற்கு மைக்ரோமீட்டர் என்று. அணுவுக்குள் இருக்கிறதும் மனிதருக்குள் இருக்கிறதும் ஒன்றில்லை, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க என்று நீ பலதடவை சொல்லியிருக்கிறாய். சரி, உன் படிப்பில் நான் கை வைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது. கேட்காதவரை அங்கே பதில் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு ஆளின் முன்னால் போய் நிற்கிற மரியாதை. அதை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி. அன்றைக்குக் கூடத்தில் என்னைப் பொய்யன் என்று சொல்லாமல், அதை நானே சொல்ல இடம் விட்டதற்கு அதைவிடப் பெரிய நன்றி. மறுநாள் காலையில் வழக்கம் போல, "இன்னிக்கு எந்த ஷிஃப்ட்டு சித்தப்பா?" என்று கேட்டாயே, அந்த நன்றியை எழுத எனக்கு வார்த்தை போதாது. எனக்கே போதாது என்றால் பார்த்துக்கொள்.

அப்புறம் நாம் எல்லாரையும் கேட்டோம், ஞாபகம் இருக்கிறதா? அண்ணியை உட்காரவைத்து, "அம்மா, நான் போறதுல உனக்கு என்ன பயம்?" என்று நீ கேட்டாய். அவர் தூரத்தைச் சொல்வார், குளிரைச் சொல்வார் என்று நான் பதிலை எழுதி வைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு: "நீ இல்லன்னா தையல் கம்பெனியில இருந்து வந்து நான் யாருக்கு என்ன சொல்றது?" எனக்கு மட்டும்தான் அந்த வருத்தம் என்று நினைத்திருந்தேன். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அண்ணியை நான் ஒரு தடவைகூட எதையும் கேட்டதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது சாயங்காலம் வந்தால், "இன்னிக்கு எத்தனை சட்டை அண்ணி?" என்று நானே கேட்கிறேன். அவரும் சொல்கிறார். ரொம்ப நீளமாகச் சொல்கிறார், பரவாயில்லை.

புத்திமதி சொல்லாமல் ஒரு பெரியவன் கடிதத்தை முடிக்கக் கூடாது, அதனால் கொஞ்சம் கேட்டுக்கொள். அந்த ஊர்க் கருவியெல்லாம் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உனக்குப் பிடித்த எண்ணைக் காட்டினால் நம்பத் தோன்றும். பிடித்த எண் வந்தால் இன்னொரு தடவை அள. பிடிக்காதது வந்தாலும் எழுது. உன் அளவு கொஞ்சம் ஆடினால் வெட்கப்படாதே, ஆடாத கை யாருக்கும் இல்லை. யாராவது உன்னை ஏதாவது கேட்டால், அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பதில் சொல். கோணலாகக் கேட்டால் வேறு மாதிரி கேட்கச் சொல், அன்றைக்கு அந்தப் பையனுக்கே தோன்றிய மாதிரி. எங்களைப் பற்றிக் கேட்டால் சித்தப்பன் இன்ஸ்பெக்டர் என்று சொல், எதை இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறார் என்று அவர்களாகக் கேட்டால் ஒழிய விவரம் வேண்டாம்.

முந்தாநாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நீ போகிற செய்தி கர்நாடகா பார்டர் வரைக்கும் போய்விட்டது, லாரிக்காரர்கள்கூட விசாரிக்கிறார்கள். டீ மாஸ்டர் கேட்டார்: "படிச்சு முடிச்சுட்டு பாப்பா இங்கயே திரும்பி வந்துடுமாண்ணே?" பெஞ்சில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் நல்ல பதில் தயாராக இருந்தது. ஓசூரிலேயே உனக்காக ஒரு ஆராய்ச்சிக்கூடம், அதற்கு என் பேர், வாசலில் வாட்ச்மேன், வாட்ச்மேனுக்குத் தொப்பி. எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வாய் டீ குடித்தேன்.

"தெரியாதுப்பா," என்றேன். "கேக்கல."

மாஸ்டர் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டார். "என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கேட்டுவிடலாம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். நீ உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். இப்போது கேட்டால், என் முகத்தைப் பார்த்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து, உனக்கு ஒரு பதில் பிறந்துவிடும். அப்புறம் அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு நீ அந்தக் குளிரில் நடக்க வேண்டும். வேண்டாம். நான் வாசலில் நின்றுவிட்டு, கயிறு வேணுமா பாப்பா என்று மட்டும் கேட்டேன். வேணும் என்றாய், கொண்டுவந்து கொடுத்தேன். திரும்பி வருவதைப் பற்றி நீயாகச் சொல்லும் நாளில் சொல். எதைச் சொன்னாலும் அது எனக்குப் புதிதாக இருக்கட்டும்.

போய் இறங்கியதும் போன் பண்ணு. குளிருதா என்று கேட்பேன். ஆமாம் என்று நீ சொன்னால், அங்கே பனி ஆளுயரம் விழுகிறது, அதில் என் மகள் கழுத்தளவு நின்றுகொண்டு வெளிச்சத்தை அளக்கிறாள் என்று டீக்கடையில் சொல்லலாமா? இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். சரியா, மாட்டேனா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

உன் அன்புச் சித்தப்பன்